ஆடியை ஆஷாடமாக்கிய வருடம்

உங்களில் பாதிப் பேருக்கு இதுதான் முதல் ஆடி. ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பஸ் ஏறி வந்து, பெங்களூர் பொம்மசந்திரா ஃபாக்டரிகளில் வேலை கேட்டு, அது அமையாமல் இந்தத் துணிக்கடைக்கு வந்தவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். மானேஜர், ஓய்வு பெற்றுவிட்ட என்னைக் கூப்பிட்டு, "ஸ்டெல்லாக்கா, புதுப் பிள்ளைங்களுக்கு நாலு பக்கம் எழுதிக் கொடுங்க, நோட்டீஸ் போர்டுல போடறேன்" என்றார். புடவையை எப்படி விரிப்பது, எப்படி மடிப்பது என்று எழுதுவேன் என நினைத்திருப்பார். அதெல்லாம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். நான் எழுதப் போவதைப் படித்துவிட்டு அவர் இதை போர்டில் போடுவாரா என்பதே சந்தேகம். போட்டால் அவருக்கு ஒரு கும்பிடு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தள்ளுபடி விற்பனை என்றால் எனக்குக் கொள்ளை ஆசை. காலை பத்து மணிக்கு ஷட்டர் ஏறும் சத்தம், வெளியே நின்ற கூட்டம் உள்ளே பாயும் வேகம், ஒரே புடவையின் இரண்டு முனைகளை இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நிற்கும் அழகு. இதையெல்லாம் பார்த்தால் எனக்கு இன்றும் கை பரபரக்கிறது. கால் வீங்கும், தொண்டை கட்டும், மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்கு ஆறிப்போய் இருக்கும். ஆனாலும் மறுநாள் முதல் ஆளாக வந்து நிற்பேன். தள்ளுபடியை நம்பினாயா என்று கேட்டால், ஒரு நாளும் நம்பியதில்லை.

நம்பாததற்குக் காரணம், அதைத் தயாரித்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். வருடம் முழுக்க அந்த வேலையைச் செய்த நானே ஒரு டிசம்பரில், கிறிஸ்துமஸ் ஆஃபர் என்று பெரிதாக எழுதிப்போட்டிருந்த வேறொரு கடைக்குள் நுழைந்து, இரண்டு சட்டை வாங்கினால் ஒன்று இலவசம் என்று மூன்று சட்டை வாங்கி வந்தேன். என் வீட்டுக்காரர் மூன்றையும் பிரித்துப் பார்த்துவிட்டு, "எனக்குச் சட்டை வேணும்னு யார் சொன்னா?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. மூன்றாவது சட்டை ஒரே தோய்ப்பில் சாயம் போய், கொஞ்ச நாளில் ஸ்கூட்டர் துடைக்கப் போனது. பிரேசர் டவுனில் எங்கள் தெரு முழுக்க அந்த வருடம் அதே கோடு போட்ட சட்டைதான். சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தபோது, ஆண்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றார்கள். இப்படி ஏமாந்தவள்தான் உங்களுக்குப் புத்தி சொல்ல வந்திருக்கிறேன் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இது நடந்தது தொண்ணூற்று மூன்றில். நம் பெரிய முதலாளி சேலத்திலிருந்து வந்து இங்கே கடை திறந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அவருக்குப் பெங்களூர் புதிது. சேலத்தில் அவர் குடும்பக் கடையில் ஆடி என்றால் பெரிய திருவிழா. "ஸ்டெல்லாம்மா, நம்ம ஊர்ல ஆடி பொறந்தா கடை வாசல்ல நிக்க எடம் இருக்காது. இங்க ஏன் ஈ ஓட்டறோம்?" என்று ஜூன் மாதம் முழுக்கப் புலம்பினார். கடைசியில், இந்த வருடம் இங்கேயும் ஆடித் தள்ளுபடி, எல்லாப் பட்டுக்கும் இருபது சதவீதம் என்று முடிவு செய்தார். நான் அப்போது பட்டு செக்‌ஷனுக்குப் பொறுப்பாக இருந்தேன்.

இருபது சதவீதம் எங்கிருந்து வரும் என்று நீங்கள் யோசிக்க வேண்டும். முதலாளி தன் லாபத்திலிருந்து தருவார் என்று நினைத்தால் உங்களுக்கு இன்னும் வயது ஆகவில்லை. ஆடிக்கு ஒரு வாரம் முன்னால் புது விலைச் சீட்டுகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கின. மூவாயிரத்து அறுநூறு ரூபாய்ப் புடவைக்கு நாலாயிரத்து எண்ணூறு என்று ஒரு புதுச் சீட்டு. அதைச் சிவப்பு மையால் அடித்து, கீழே மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது என்று எழுத வேண்டும். வாங்குகிறவருக்குத் தொள்ளாயிரத்து அறுபது ரூபாய் மிச்சம் என்று தோன்றும். உண்மையில் போன வாரத்தை விட இருநூற்று நாற்பது ரூபாய் அதிகம் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்.

நான் அதைத் தயங்கித் தயங்கிச் செய்தேன் என்று சொன்னால் பொய். உற்சாகமாகச் செய்தேன். எந்த கவுண்டர் முதலில் முடிக்கிறது என்று எங்களுக்குள் போட்டி. என் விரல்கள் அந்த நாளில் பேய் வேகம். பழைய சீட்டைக் கத்தரித்து, புதியதைக் கட்டி, அட்டைப்பெட்டி மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, அடுத்தது, அடுத்தது என்று பாய்ந்தேன். அலமாரியில் இருந்தது, ராக்கில் இருந்தது என்று எதையும் விட்டுவைக்கவில்லை. எங்கள் கவுண்டர்தான் ஜெயித்தது. முதலாளி எல்லாருக்கும் மசால் தோசை வாங்கிக் கொடுத்தார்.

இதோடு இன்னொரு வேலையும் நானே இழுத்துப்போட்டுக்கொண்டேன். கடை வாசலில் பலகை வைக்க வேண்டும், அது கன்னடத்திலும் இருக்க வேண்டும். கடையில் கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்த தமிழ் ஆட்களில் எனக்குத்தான் கையெழுத்து நன்றாக இருக்கும். ஆடி என்பதற்குக் கன்னடத்தில் ஆஷாடம். அது எனக்குத் தெரியும். தேதியை முதலாளி தன் தினசரிக் காலண்டரைப் பார்த்துச் சொன்னார், ஆடி முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை. நான் அதை அப்படியே கன்னடத்தில் அழகாக எழுதினேன், ஆஷாடத் தள்ளுபடி என்று. பெட்டி மேல் ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கரிலும் அதே வார்த்தைதான். வாட்ச்மேன் ரங்கப்பா பலகையைத் தூக்கி மாட்டும்போது என் எழுத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை தொடங்கியது. அன்றும் ஞாயிறும் நல்ல கூட்டம். திங்கள், செவ்வாய் தமிழ் ஜனம் வந்தது. கன்னட ஜனம் வாசல் வரை வந்தது, பலகையைப் படித்தது, திரும்பிப் போனது. சிலர் சிரித்துக்கொண்டே போனார்கள். ஒரு அம்மா பலகையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் என் எழுத்தில் ஏதும் பிழையோ என்று இரண்டு முறை வெளியே போய்ப் படித்துப் பார்த்தேன். எழுத்தில் ஒரு பிழையும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பொறுக்க முடியாமல் ரங்கப்பாவிடமே கேட்டேன். அவர் தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுவார்.

"ஆஷாட திங்கக்கெழமையே ஹோயித்து அக்கா. பீமன அமாவாசை ஆச்சு, மாசம் முடிஞ்சுது. இன்னிக்கு சிராவண மொதல் சுக்ரவாரம். ஒங்க போர்டு மட்டும் இன்னும் ஆஷாடத்துல நிக்குது."

"முடிஞ்சு போச்சா? இப்பத்தானே ஆடி பொறந்துச்சு?"

"ஒங்க ஆடி பொறந்துச்சு. எங்க ஆஷாட சத்தோயித்து."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே ரங்கப்பா."

"மொதலாளி ஏதோ கணக்கு போட்டுத்தான் செய்யறார்னு நெனச்சேன். பெரியவங்க விஷயத்துல நான் எதுக்கு?"

எனக்குத் தலையில் இடி இறங்கியது. தமிழ் மாதம் சூரியனைப் பார்த்துப் பிறக்கிறது, கன்னட மாதம் அமாவாசையைப் பார்த்துப் பிறக்கிறது. ஒவ்வொரு வருடமும் யுகாதி ஒரு நாள், தமிழ்ப் புத்தாண்டு வேறொரு நாள் என்று வருகிறதே, அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா? எங்கள் வீட்டில் மாட்டியிருப்பது சர்ச் காலண்டர், அதில் இரண்டும் கிடையாது. முதலாளிக்கோ சேலத்துக் காலண்டர்தான் உலகம். ஆஷாடத்தில் கன்னடக்காரர்கள் நல்ல காரியத்துக்கு ஒரு ரவிக்கைத் துணிகூட வாங்கமாட்டார்கள், சிராவணம் பிறந்தால்தான் கல்யாணத்துக்குப் பட்டு எடுப்பார்கள். அவர்கள் பட்டு எடுக்க வரும் மாதம் முழுக்க, இது ஆகாத மாதத்துச் சரக்கு என்று நானே கொட்டை எழுத்தில் எழுதி வாசலில் தொங்கவிட்டிருக்கிறேன்.

பலகையைக் கழற்றுங்கள் என்று நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து சாவித்திரம்மா இறங்கினார்.

சாவித்திரம்மா யார் என்று சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் டீச்சர், கணவர் இல்லை, ஒரே மகள். ஜூன் தொடக்கத்தில், ஆஷாடம் பிறப்பதற்கு முன்பே, தனியாக வந்து மூன்று மணி நேரம் உட்கார்ந்து மகளுடைய தாரெச் சேலையைத் தேர்ந்தெடுத்தவர். தாரெ என்றால் தண்ணீர் வார்த்துப் பெண்ணைக் கொடுக்கும் நேரம். அந்த நேரத்தில் பெண் கட்டியிருக்கும் சேலையை அவர்கள் குடும்பத்தில் தாய்தான் வாங்க வேண்டும். நிச்சயம் ஆகாமல் வாங்கக் கூடாது, பார்த்து வைக்கலாம். பால் வெள்ளையில் சிவப்புக் கரை போட்ட ஒரு பட்டைப் பார்த்ததும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. விலை மூவாயிரத்து அறுநூறு. "அதுக்கு மேல ஒரு ரூபாயும் என்னால ஆகாதும்மா, சிராவணத்து முதல் வெள்ளிக்கு வர்றேன்" என்றார். நான் கடை அட்டையின் பின்னால் விலையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, இதே விலைக்கு எடுத்து வைப்பேன் என்று வாக்கும் கொடுத்தேன். புடவையை அலமாரியில் தனியாக வைத்தேன். அந்த அலமாரியையும் சேர்த்துத்தான் போட்டி வேகத்தில் சீட்டு மாற்றியிருந்தேன் என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது.

இப்போது அவர் தனியாக வரவில்லை. மகள், அவளுக்கு மாமியாராகப் போகிற அம்மா, அந்த அம்மாவின் தங்கை என்று நாலு பேர். சம்பந்தியம்மா நல்ல உயரம், மூக்கில் இரண்டு பக்கமும் வைரம், எதையும் ஒரு முறைக்கு இரண்டு முறை பார்க்கிற கண். வாசலிலேயே நின்று பலகையை உரக்கப் படித்தார். சாவித்திரம்மாவின் முகம் சுண்டிப்போனது. கண்ணாடிக் கதவு வழியாக என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். பெண் வீட்டார் மகளைக் கொடுக்கிற நேரத்துக்கு ஆஷாடச் சரக்கைத் தள்ளுபடியில் எடுத்தார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பினால், அது அந்தப் பெண் போகிற வீட்டில் எத்தனை வருடம் சுற்றும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் ஒரு மாமியார் இருந்தார்.

அவர்களை உட்கார வைத்துவிட்டு அலமாரிக்கு ஓடினேன். கதவைத் திறந்தால், பெட்டி மேல் என் கையெழுத்திலேயே ஆஷாடம் என்று சிவப்பாக ஒட்டியிருக்கிறது. அலமாரிக் கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கிழித்தேன். பாதி வந்தது, பாதி வரவில்லை. நகத்தால் சுரண்டினேன். அப்போது முதலாளி பக்கத்தில் வந்து நின்றார். ரங்கப்பா அதற்குள் அவரிடமும் சொல்லியிருந்தார்.

"ஸ்டிக்கரை எடுத்துட்டீங்களா? நல்லதா போச்சு" என்றார் மெல்லிய குரலில். "தள்ளுபடின்னு சொல்லாதீங்க. நாலாயிரத்து எண்ணூறுக்கே போடுங்க. சம்பந்தி பக்கத்துல உக்காந்திருக்காங்க, அந்தம்மா வெலை பேச மாட்டாங்க."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சாவித்திரம்மா பேசமாட்டார். அந்த உயரமான அம்மா முன்னால் தன் கைப்பையிலிருந்து என் அட்டையை எடுத்துக் காட்டி, இதற்கு மேல் என்னிடம் இல்லை என்று சொல்வதைவிட, கையில் போட்டிருக்கும் வளையலைக் கழற்றி விற்றாவது கொடுத்துவிடுவார். வியாபாரத்தில் இப்படி ஒரு ஆள் கண்ணில் பட்டால் கொண்டாட்டம். நான் இருபது வயதிலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன், எனக்கும் அந்தக் கணக்கு ஒரு நொடியில் ஓடிவிட்டது. ஓடியதற்காக வெட்கப்பட்டேன்.

பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து விரித்தேன். சிவப்புக் கரை கவுண்டரில் விழுந்தது. பக்கத்தில் புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். பெண் தன் முகத்தைத் தாழ்த்திக்கொண்டு கரையைத் தொட்டாள். சம்பந்தியம்மா கன்னடத்தில் கேட்டார், உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆஷாடத்துக்குன்னு வந்த சேலையாம்மா இது? நிஜத்தைச் சொல்லு. பொண்ணு கட்டிக்கப் போறது."

சாவித்திரம்மா மடியில் வைத்திருந்த பையை இறுக்கிப் பிடித்தார். முதலாளி எனக்குப் பின்னால் நிற்கிறார், அவர் மூச்சு விடுவது கேட்கிறது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் விலை? அடுத்த கேள்வி விலைதான். எந்த விலையைச் சொல்வது?

சொல்லிவிட்டேன். மூச்சு விடாமல் சொன்னேன். "இது ஆஷாடம் பொறக்கறதுக்கு முன்னாலயே இவங்க வந்து மூணு மணி நேரம் உக்காந்து எடுத்து வெச்ச சேலை. வெல மூவாயிரத்து அறுநூறு, அன்னிக்கும் அதுதான், இன்னிக்கும் அதுதான். வெளியில இருக்கற போர்டு என் தப்பு. நான் சர்ச்சுக்குப் போறவ, எனக்கு ஒங்க மாசம் தெரியல, தமிழ்க் காலண்டரப் பாத்து எழுதிட்டேன். சீட்டுல இருக்கற வெலையும் நெஜமில்ல. போன வாரம் நாங்களே ஏத்தி, நாங்களே அடிச்சோம். என் கையாலதான் கட்டினேன்."

இதைக் கன்னடத்தில்தான் சொன்னேன், ஆனால் அந்தக் கவுண்டரில் கன்னடம் தெரியாதவர் யாரும் இல்லை. சம்பந்தியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சாவித்திரம்மாவைப் பார்த்தார். "மூணு மணி நேரமா? நான் என் மகனுக்கு வேஷ்டி எடுக்க அரை மணி நேரம்தான் உட்கார்ந்தேன்" என்றார். அதில் கிண்டல் இல்லை, மரியாதை இருந்தது. சாவித்திரம்மாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் வந்தது, நான் அதை மறைக்கவில்லை.

ஆனால் நிம்மதியாக அழக்கூட விடவில்லை. பக்கத்தில் நின்றிருந்த அல்சூர்க்கார அம்மா ஒருவர் தன் கையிலிருந்த பச்சைப் புடவையை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இதோட நெஜ வெல என்னம்மா?"

"ரெண்டாயிரத்து எழுநூறு."

"இதுல ரெண்டாயிரத்து தொள்ளாயிரம்னு போட்டு, தள்ளுபடின்னு எழுதியிருக்கே?"

"அது போன வாரம் வந்த புத்தி."

அடுத்தவர் நீட்டினார். அதற்கடுத்தவர் நீட்டினார். ஐந்து நிமிடத்தில் என் கவுண்டரைச் சுற்றி மூன்று வரிசைக் கூட்டம். நிஜ விலை என்ன, நிஜ விலை என்ன என்று தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் ஒரே கேள்வி. எல்லா விலையும் எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு சீட்டையும் கத்தரித்தவள் நான்தானே. சொன்னேன், சொல்லிக்கொண்டே இருந்தேன். சில புடவைக்கு நிஜ விலையே அதிகம்தான் என்றும் சொன்னேன், அதையும் வாங்கிக்கொண்டு போனார்கள். ரங்கப்பா பலகையைக் கழற்றித் தலைகீழாகச் சுவரில் சாய்த்துவிட்டு, அவரும் உள்ளே வந்து பெட்டி எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு விற்பனையை நான் பார்த்ததில்லை. கிறிஸ்துமஸ் காலையில் குழந்தைகளுக்கு ஒரு துள்ளல் இருக்குமே, அது எனக்கு அன்று மாலை வரை இருந்தது. நாலு மணிக்குப் பட்டு ராக் பாதி காலி.

மறுநாள் என்னை வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்று நினைத்து, டிபன் பாக்ஸ்கூட எடுக்காமல் போனேன். முதலாளி, "அத்தனை வெலையும் ஞாபகமா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "ம்" என்றார். அவ்வளவுதான். அப்பாடா, ஜெயித்துவிட்டோம் என்று நானும் நம்பினேன்.

அடுத்த வருடம் ஆஷாடத்துக்கு ஒரு வாரம் முன்னால் வாசலில் புதுப் பலகை. இந்த முறை கன்னடப் பஞ்சாங்கம் பார்த்து, தேதி எல்லாம் சரியாக. தமிழிலும் கன்னடத்திலும் பெரிதாக எழுதியிருந்தது, நிஜ விலைத் திருவிழா. எல்லா செக்‌ஷனிலும், என் கவுண்டர் மேலும், கட்டுக்கட்டாகப் புதுச் சீட்டுகள். பிரித்துப் பார்த்தேன். மூவாயிரத்து அறுநூறு ரூபாய்ப் புடவைக்கு நாலாயிரத்து நூறு. பக்கத்தில் நிஜ விலை என்று ஒரு முத்திரை.

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. சீட்டுக் கட்டை அப்படியே எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்தேன். "இத நான் கட்ட மாட்டேன் சார். வேற யார் கட்டினாலும், என்கிட்ட யாராவது கேட்டா நெஜத்தைத்தான் சொல்லுவேன்" என்றேன். அவர் கத்தவில்லை. "அப்ப யாரும் ஒங்களக் கேக்காத எடத்துல போய் நில்லுங்க" என்றார். அன்று மத்தியானமே என்னைக் கீழ்த்தளத்தில் உள்பாவாடை செக்‌ஷனில் போட்டார்கள். வேறு கடைகளிலும் இங்கேயுமாகப் பதினெட்டு வருடம் பட்டு விற்ற கை, இஞ்ச் டேப்பால் இடுப்பளவு பார்த்துக்கொண்டு நின்றது. மேலே வேறு ஆட்கள் சீட்டுக் கட்டினார்கள்.

விற்பனை தொடங்கிய இரண்டாம் நாள் சாவித்திரம்மா படியிறங்கி வந்தார், கூடவே மகளும். கல்யாணமான முதல் ஆஷாடத்தில் பெண் தாய் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். மாதம் முழுக்க மகள் வீட்டில் இருக்கிற சந்தோஷத்தில், அன்றாடம் கட்டிக்கொள்ள ஒரு சாதாரணச் சேலை எடுக்க வந்திருக்கிறார்கள். மேலே எடுத்த சேலையைக் கையோடு கொண்டுவந்து என் உள்பாவாடைக் குவியல் மேல் வைத்தார்.

"நிஜ விலைன்னு போட்டிருக்கு. அந்த வார்த்தையை நான் உன் வாயிலதான் கேட்டேன். இது நீ சொல்ற நிஜமா?"

"இல்லம்மா" என்றேன். விலையைச் சொன்னேன்.

அவர் ஒரு டீச்சர் என்பதை முதலாளி மறந்துவிட்டார். சாவித்திரம்மா மேலே போய், சேலையை அவர் மேஜையில் வைத்து, வகுப்பில் கேட்பது போல எல்லாருக்கும் கேட்கும்படி, "கீழே ஸ்டெல்லா வேற விலை சொல்றாங்களே, எது சரி?" என்று கேட்டாராம். பிறகு கேட்க வேண்டுமா? படியில் கூட்டம். ஒவ்வொருத்தியும் கையில் ஒரு புடவையோடு இறங்கி வருகிறாள். உள்பாவாடைக் குவியல் மேல் காஞ்சிப் பட்டும் மைசூர் சில்க்குமாக மலை ஏறுகிறது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு விலை சொல்கிறேன். சனிக்கிழமை வரை இதே கூத்து.

சனிக்கிழமை மாலை முதலாளி தானே படியிறங்கி வந்தார். அந்தத் தளத்துக்கு அவர் வந்து நான் பார்த்ததில்லை. நாடாக் கட்டு ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேல வாங்க ஸ்டெல்லாம்மா."

"சீட்டு?"

"பட்டுல எல்லாத்தையும் எடுக்கச் சொல்லிட்டேன். இனிமே பட்டுல ஒரே வெலைதான், நீங்க இருக்கற வரைக்கும்."

"மத்த செக்‌ஷன்ல சார்?"

அவர் நாடாக் கட்டைக் கீழே வைத்துவிட்டு முன்னால் நடந்தார். நான் இரண்டாவது முறை கேட்கவில்லை. பட்டு கவுண்டர் எனக்குத் திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில், அவர் பின்னாலேயே துள்ளிக்கொண்டு படியேறினேன்.

அதற்குப் பிறகு பதினாலு வருடம் அந்த கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றேன். பட்டில் ஒரு பொய்ச் சீட்டு ஏறவில்லை, அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் பட்டு எடுக்க வந்தவர்களுக்கு மட்டும்தான் அந்த நிஜம். ரெடிமேடில், பாலியஸ்டரில், குழந்தைகள் உடுப்பில், அதாவது கையில் குறைவான காசோடு வந்தவர்கள் போகிற இடத்தில், ஒவ்வொரு ஆடிக்கும் சீட்டு ஏறியது, சிவப்பு மை விழுந்தது. எனக்குத் தெரியும். நான் அந்த செக்‌ஷன்களைத் தாண்டி என் கவுண்டருக்குப் போகும்போது வேகமாக நடந்தேன்.

நாளை காலை உங்கள் கவுண்டருக்கும் சீட்டுக் கட்டுகள் வந்து இறங்கும். உங்களில் பட்டுக்கு ஒருவர்கூடப் போகவில்லை, எல்லாரும் ரெடிமேடுக்கும் குழந்தைகள் உடுப்புக்கும்தான் என்று மானேஜர் சொன்னார். அன்று அந்தப் படியில் நான் இரண்டாவது முறை கேட்காமல் விட்ட கேள்வி உங்கள் செக்‌ஷனுக்காகத்தான்.